உழவர் சந்தையும் சில்லறை விலையும்

உழவர் சந்தை என்பது உழவர்கள் தாம் விளைவித்த காய்கறிகளையும் பழங்களையும் இடைத்தரகரின்றி நுகர்வோருக்கு நேரடியாக விற்கத் தமிழ்நாடு அரசு ஏற்படுத்திய சந்தை ஆகும். தேனி மாவட்டத்தில் தேனி, கம்பம், சின்னமனூர், போடிநாயக்கனூர் முதலிய ஊர்களில் இவை உள்ளன. அருகிலுள்ள காய்கறிக் கடைகளுக்கும் பல்பொருள் அங்காடிகளுக்கும் இவை போட்டியாக அமைவதால், சந்தைக்கு வராதவர் கொடுக்கும் விலையிலும் இவற்றின் தாக்கம் இருக்கக்கூடும்.

வரலாறு

பஞ்சாபின் அப்னி மண்டி (1987), ஆந்திரப் பிரதேசத்தின் ரைத்து பசார் (சனவரி 1999) ஆகியவை இதற்கு முன்னோடிகள். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதியால் திறந்து வைக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்திற்குப் பின் பல சந்தைகள் பொலிவிழந்தன. 2006க்குப் பின் மீண்டும் ஊக்கம் பெற்றன.

விலை நிர்ணயம்

நாள்தோறும் காலையில் மொத்த விலை, சில்லறை விலை இரண்டையும் ஒப்பிட்டு அன்றைய விலை முடிவு செய்யப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. மொத்த விலையை விட ஏறத்தாழ 20% கூடுதலாகவும், வெளிச்சந்தைச் சில்லறை விலையை விட 15% குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது பொது நெறி.

எடுத்துக்காட்டாக, ஒரு கிலோ கத்தரிக்காயின் மொத்த விலை 20 ரூபாய், சில்லறை விலை 30 ரூபாய் எனக் கொள்வோம். சந்தை விலை 24 ரூபாய்க்குக் குறையாமலும் 25.50 ரூபாய்க்கு மிகாமலும் இருக்கலாம். போட்டியால் வெளிக்கடைகள் விலையை 26 ரூபாயாகக் குறைத்தால் அதன் 85% 22.10 ரூபாய் மட்டுமே. அப்போது இரு நெறிகளையும் ஒருசேரக் கடைப்பிடிக்க இயலாது. பொதுவாகச் சில்லறை விலை மொத்த விலையைப் போல் குறைந்தது 1.41 மடங்கு இருந்தால்தான் இந்நெறி பொருந்தும். அதாவது, போட்டி நன்கு வேலை செய்யும் இடத்தில் உழவரின் கூடுதல் வருவாயோ நுகர்வோரின் சேமிப்போ சுருங்குகிறது. நுகர்வோருக்கு இது இழப்பன்று, வெளியிலேயே மலிவாகக் கிடைக்கிறது; உழவருக்கு அவ்வாறு கூற இயலாது.

பல்பொருள் அங்காடிகளுடன் ஒப்பீடு

சோப்பு, பற்பசை போன்றவற்றின் உறையில் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருப்பதால் எந்தக் கடை எவ்வளவு குறைக்கிறது என்பது எளிதில் தெரியும். உதிரியாக விற்கும் காய்கறிக்கு அவ்வசதி இல்லை. அக்குறையை உழவர் சந்தையின் விலைப்பலகை ஓரளவு நீக்குகிறது. பலகையைப் பார்த்தவர் தெருக்கடையில் பேரம் பேசுவதும் எளிதாகிறது. மேலும், தனியார் தள்ளுபடிப் போட்டி நிலையானதன்று. 1997இல் சென்னையில் தொடங்கி மலிவு விலையால் பரவிய சுபிக்சா 2009இல் மூடப்பட்டது.

கம்பம் பள்ளத்தாக்கு

இங்கு விளையும் காய்கறிகளில் கணிசமான பகுதி குமுளி வழியாகக் கேரளத்திற்குச் செல்கிறது. எனவே உள்ளூர் நுகர்வோர், கேரள வணிகர்களுடனும் போட்டியிட்டே வாங்குகின்றனர். ஓணம் காலத்தில் மொத்த விலை ஏறும்போது அதனை ஒட்டி நிர்ணயிக்கப்படும் உழவர் சந்தை விலையும் ஏறுகிறது.