ஏறுகயிறு: அங்கவடி மரமேறிய கதை

சீனத்தின் சாங்ஷா நகரில், கி.பி. 302-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறை ஒன்றிலிருந்து குதிரைவீரர்களின் சிறு மண்ணுருவங்கள் கிடைத்தன. அவற்றுள் சில, சேணத்தின் இடப்பக்கத்தில் மட்டும் ஒரு முக்கோண வளையத்தைக் காட்டுகின்றன. வலப்பக்கத்தில் எதுவும் இல்லை. வீரனின் கால் அந்த வளையத்துக்குள்ளும் இல்லை; அமர்ந்திருப்பவனின் பாதத்துக்கு எட்டாதபடி அது குட்டையாகத் தொங்குகிறது. குதிரைமேல் அமர்ந்து போரிடுவதற்கான பொருள் இதுவன்று. தரையிலிருந்து சேணத்தை எட்டுவதற்கு இடையில் ஒரு படி வேண்டும். அந்தப் படிதான் இது. ஏறி முடித்தபின் அதற்கு வேலையில்லை.

உலக வரலாற்றையே மாற்றியதாகப் பேசப்படும் அங்கவடியின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று இவ்வாறு வெறும் ஏறுபடியாக இருப்பதை நினைவில் வைத்துக்கொண்டு, இன்றைய வட அமெரிக்கக் காடுகளுக்கு வரலாம். மான் வேட்டைக்குச் செல்லும் வில்லாளர் தம் முதுகில் மூன்று நான்கு அலுமினியக் கழிகளைச் சுமந்து செல்கின்றனர். ஒவ்வொரு கழியிலும் பெரும்பாலும் இரண்டு படிகள். கழியை மரத்தோடு வாரால் இறுக்கி, அதன்மேல் ஏறி நின்று, அடுத்த கழியை அதற்கு மேலே கட்ட வேண்டும். கழியின் அடிப்படியிலிருந்து ஒரு பட்டையோ கயிறோ வளையமாகத் தொங்கும். அதற்கு ‘ஸ்டெப் எய்டர்’ என்று பெயர். கழிக்கும் கழிக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் ஒரு படி வேண்டும். அந்தப் படிதான் இது. சாங்ஷா வளையத்துக்கும் இதற்கும் இடையில் பதினேழு நூற்றாண்டுகள் உள்ளன. செயல் ஒன்றே.

சொல்லும் இதையே சொல்கிறது. அங்கவடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘ஸ்டிரப்’, பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டீக்ராப்’. முன்பாதி ‘ஏறு’ என்னும் வினை, பின்பாதி ‘கயிறு’. ஏறுகயிறு என்று தமிழில் வினைத்தொகையாகவே பெயர்த்துவிடலாம். படிக்கட்டைக் குறிக்கும் ‘ஸ்டேர்’, வேலியைத் தாண்ட வைக்கும் படியான ‘ஸ்டைல்’ ஆகியவையும் அந்த ஏறு வினையின் உறவினங்கள். சமஸ்கிருதத்தின் ‘ஸ்திக்’ என்னும் வேரையும் சொற்பிறப்பு அகராதிகள் இக்குடும்பத்தில் சேர்க்கின்றன. ஜெர்மன் மொழியின் பழஞ்சொல்லான ‘ஷ்டேக்ரைஃப்’ இன்று ஒரு மரபுத்தொடரில் மட்டும் உயிரோடிருக்கிறது: முன்தயாரிப்பின்றிப் பேசுவதை ‘ஷ்டேக்ரைஃபிலிருந்து பேசுதல்’ என்பர். குதிரையை விட்டு இறங்காமலே காரியத்தை முடிப்பது என்பது அதன் அடிப்பொருள். இறங்கி ஏறுவது எவ்வளவு பெரிய வேலையாக இருந்தது என்பதற்கு இத்தொடரே சான்று.

கால்வளையத்தின் வரலாற்றில் இந்தியாவுக்கும் ஓர் இடமுண்டு. சாஞ்சி முதலிய இடங்களின் சிற்பங்களில், கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே, குதிரையேறியவரின் காலுக்கு ஒரு பிடி இருப்பதை ஆய்வாளர் கவனித்துள்ளனர். முழுப் பாதத்துக்கான வளையம் அன்று அது. கால் பெருவிரலை நுழைக்கும் சிறு கண்ணி. லின் வைட் 1962-இல் வெளியிட்ட ‘இடைக்காலத் தொழில்நுட்பமும் சமூக மாற்றமும்’ என்ற நூலில் இதற்கு முக்கியத்துவம் தந்தார். வெறுங்காலோடு சவாரி செய்யும் வெப்பநாட்டில் பெருவிரல் கண்ணி போதும். காலணி அணிந்தே தீரவேண்டிய குளிர்நாடுகளுக்கு அக்கருத்து சென்றபோது பாதம் முழுவதும் நுழையும் வளையம் தேவைப்பட்டது என்பது அவர் வாதம். அங்கவடியே ஐரோப்பிய நிலப்பிரபுத்துவத்தை ஈன்றது என்ற அவருடைய பெரிய முடிவு கடும் மறுப்புக்குள்ளாகி, இன்று ஏறத்தாழக் கைவிடப்பட்டுவிட்டது. ஆயினும் காலணிக்கும் வளையத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய இச்சிறு குறிப்பு பொருளின் இயல்பை அறிந்து சொன்னது. வளையத்தின் அளவைத் தீர்மானிப்பது கால் அன்று, காலணியே.

அடுத்த சிக்கல் விறைப்பு. தோலாலோ கயிற்றாலோ ஆன வளையம், எடை ஏறியவுடன் பாதத்தை இருபுறமும் நெரிக்கும். எடை இறங்கியவுடன் சுருங்கி வாயை மூடிக்கொள்ளும். கால் நுழைவதும் கடினம், வெளிவருவதும் கடினம். கி.பி. 415-இல் இறந்த ஃபெங் சூஃபு என்ற வட யான் அரச குடும்பத்தவரின் கல்லறையில் ஓர் இணை அங்கவடிகள் கிடைத்தன. முசுக்கட்டை மரத்தை வளைத்து உள்ளீடாக வைத்து, அதன்மேல் பொன்முலாம் பூசிய வெண்கலத் தகடு போர்த்தியவை அவை. அழகுக்காகத் தகடு என்றால், உள்ளே மரம் எதற்கு? வளையம் எப்போதும் வாய் திறந்தே இருக்க வேண்டும் என்பதற்காக. சாங்ஷாவின் ஒற்றை ஏறுபடி, ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் விறைப்பான இணையாக மாறிவிட்டது.

விறைத்த வளையத்திலும் இடர் முழுதும் தீர்ந்துவிடவில்லை. குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்டவரின் கால் மட்டும் வளையத்தில் சிக்கிக்கொள்ள, உடல் தரையில் இழுபட்டுச் சென்ற விபத்துகள் குதிரையேற்றத்தின் பழைய அச்சங்களுள் ஒன்று. அதனாலேயே சேணத்திலிருந்து வார் தானே கழன்றுவிடும் அமைப்புகள் பின்னாளில் தோன்றின.

அங்கவடி குதிரையை விட்டு மலைக்குச் சென்றது ஆல்ப்ஸ் பகுதியில். பாறை ஏறுவோர், பாறைப்பிளவில் அறைந்த இரும்பு ஆணியிலிருந்து சிறு படிகளைத் தொங்கவிட்டு அவற்றில் கால்வைத்து ஏறினர். பிரெஞ்சு மொழி அதற்குப் புதுப்பெயர் தேடவில்லை. அங்கவடியைக் குறிக்கும் ‘எத்ரியே’ என்ற சொல்லையே வைத்துக்கொண்டது. பல படிகள் கொண்ட எத்ரியேயை வழக்குக்குக் கொண்டுவந்த பெருமை இத்தாலியரான எமிலியோ கோமிச்சிக்கு அளிக்கப்படுகிறது. 1933-இல் டிமாய் சகோதரர்களுடன் டோலமைட் மலைகளின் சீமா கிராண்டே வடமுகத்தை முதன்முதலில் ஏறியவர் அவர். மரக்கட்டைகளும் அலுமினியக் குறுக்குகளும் படியாக இருந்த அந்தத் தொங்கேணி, பின்னர் நைலான் பட்டையால் தைத்த வளையங்களாக மாறியது. கருவியின் துணையோடு ஏறுவதற்கு ஆங்கிலத்தில் ‘எய்ட் கிளைம்பிங்’ என்று பெயர். அதிலிருந்து ‘எய்டர்’. ‘ஏறுகயிறு’ என்று பெயர்பெற்றுக் குதிரைக்குச் சென்ற பொருள், அப்பெயரின் பொருள் எல்லோருக்கும் மறந்துபோன பின் மீண்டும் ஏறுவதற்கே வந்து சேர்ந்தது.

வேட்டைக்காரர் மரமேற வேண்டியிருப்பதற்குக் காரணம் வில். துப்பாக்கிக்குத் தொலைவு ஒரு தடையன்று. வில்லாளர் மானை இருபது முப்பது கஜத்துக்குள் வரவிட வேண்டும். அவ்வளவு அண்மையில் மானின் பார்வைக்கும் மோப்பத்துக்கும் தப்ப உயரம் உதவும். அமெரிக்காவின் நவீன வில்வேட்டைக்கு மூலவர்களுள் ஒருவராகக் கருதப்படும் சாக்ஸ்டன் போப் ஒரு மருத்துவர். கலிபோர்னியாவின் ஓரவில் அருகே 1911-இல் தனியாக வெளிப்பட்ட கடைசி யாஹி மனிதரான இஷியிடம் அவர் வில்வித்தை கற்றார். அதே இஷியிடம்தான் 1915 கோடையில் எட்வர்டு சபீர் அமர்ந்து யானா மொழியின் யாஹி வழக்கைப் பதிவுசெய்தார். மொழியியல் மாணவர்கள் சபீரின் பணியை அறிவர்; அடுத்த அறையில் நிகழ்ந்த வில்லைப் பற்றிய பாடத்தை அதிகம் அறியார். 1916-இல் இஷி காசநோயால் இறந்தார். போப்பின் வில்வேட்டை நூல் 1923-இல் வந்தது. 1934-இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே தனி மான்வேட்டைப் பருவத்தை முதன்முதலில் அறிவித்தது. மொழி போயிற்று; வில் பரவிற்று. அந்த வில்லுக்குப் பின்னால் மரத்தில் இருக்கை, இருக்கைக்கு ஏணி, ஏணிக்கு மாற்றாகச் சுமக்கத்தக்க கழி, கழிக்கு எய்டர் என்று ஒவ்வொன்றாக வந்தன.

எய்டரைத் தேர்ந்தெடுப்பதில் முதல் கேள்வி எத்தனை படி என்பது. இதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். படிக்குப் படி ஒன்றரை அடி என்று கொள்வோம். எய்டர் இல்லாத நான்கு கழிகள் எட்டுப் படிகள்; உயரம் 12 அடி. ஒவ்வொரு கழியின் கீழும் ஒரு வளையம் தொங்கினால் பன்னிரண்டு படிகள், 18 அடி. ஒரு கழியைக் குறைத்து, மீதமுள்ள மூன்றிலும் இரட்டைப்படி எய்டரைத் தொங்கவிட்டாலும் அதே பன்னிரண்டு படிகள், அதே 18 அடி. கைக்குள் அடங்கும் பட்டையைக் கொண்டு ஒரு கழியின் எடை மிச்சம் என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான். அவர் சொல்லாத கணக்கும் ஒன்றுண்டு. நான்கு கழி அமைப்பில் பன்னிரண்டு படிகளுள் நான்கு மட்டுமே தொங்குபவை. மூன்று கழி அமைப்பில் ஆறு. அதாவது ஏறுவதில் பாதி, காற்றில் தொங்கும் வளையத்தின்மேல். அவற்றுள் மூன்று, உறுதியான பிடியிலிருந்து மூன்றடி கீழே தொங்குவதால் இன்னும் அதிகம் ஊசலாடும். காட்டுக்குள் நெடுந்தொலைவு நடப்பவருக்கு எடை ஒரு மெய்யான சுமைதான். அதை எள்ளி நகையாட வேண்டியதில்லை. ஆயினும் உடல் பழகாதவருக்கு ஒற்றைப்படியும் நான்காவது கழியுமே தக்கவை என்பதில் ஐயத்துக்கு இடம் குறைவு.

தொங்கும் படிக்கும் ஊன்றிய படிக்கும் உள்ள வேறுபாட்டைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர். மலைபடுகடாமும் குறுந்தொகையும் தேனெடுக்க மலையில் சார்த்திய ‘மால்பு’ பற்றிப் பேசுகின்றன. உரைகாரர் அதனைக் கண்ணேணி என்பர்: கணுக்களையே படியாகக் கொண்ட ஒற்றை மூங்கில். இன்றைய ஏறுகழியின் வடிவமும் ஏறத்தாழ அதுவே. ஆல்பிரெட் ரஸ்ஸல் வாலஸ் 1869-இல் வெளியிட்ட ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ நூலில், போர்னியோவின் தயாக் மக்கள் தேன்மரத்தில் மூங்கில் ஆப்புகளை அறைந்து, அவற்றின் நுனிகளை நெடுமூங்கிலோடு பிணைத்து ஏறும் முறையை வியந்து விவரிக்கிறார். பார்வைக்கு அஞ்சத்தக்கது. ஆனால் ஒவ்வோர் ஆப்பும் மேலும் கீழும் உள்ள மற்ற ஆப்புகளோடு கட்டுண்டிருப்பதால் ஒன்றின்மேல் விழும் எடையைப் பல தாங்குகின்றன என்பதை அவர் பின்னரே உணர்கிறார். பனையேறிகளின் தளைநாரும் வளையந்தான். ஆனால் அது மேலிருந்து தொங்குவதன்று, இரு பாதங்களையும் சேர்த்துப் பிடித்து மரத்தோடு அழுத்த உதவுவது. எய்டர் இவற்றுள் எதனோடும் சேராது. அது அங்கவடியின் வழித்தோன்றல். ஒரே புள்ளியில் தொங்குவது. எனவே அங்கவடியின் பழைய நோய்கள் அனைத்தும் அதற்கும் உண்டு.

கால் வளையத்தில் அழுந்தும்போது பாதத்தின் நுனி மரத்தில் முட்டும். உடல் பின்னோக்கிச் சாயும். கால் மரத்தின் அடிப்பக்கமாக உள்ளே நழுவும். மரம் சாய்ந்து வளர்ந்ததாயின், சாய்வின் கீழ்ப்புறத்தில் எய்டரைக் கட்டுவது இத்தொல்லையைப் பெருக்கும். கழியின் ஒரு பக்கப் படியில் மட்டும் வளையம் மாட்டப்பட்டிருந்தால், எடை அப்பக்கம் ஏறியவுடன் சரியாக இறுக்காத கழி மரத்தைச் சுற்றித் திரும்பப் பார்க்கும். ஆகவே வளையம் கழியின் நடுத்தண்டிலோ இருபக்கமும் சமமாகவோ தொங்குகிறதா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். ஒரே எய்டரைக் கழிக்குக் கழி கழற்றி மேலே மாட்டிச் செல்லும் முறையும் உண்டு. எடை குறையும், ஆனால் ஒவ்வொரு முறையும் குனிந்து கொக்கியை விடுவிக்க வேண்டும். தரையில் பழகாமல் அதை மரத்தில் முயல்வது வீண் துணிச்சல்.

பொருளைப் பொறுத்தவரை, எஃகுக் கம்பிவடம் விறைப்பானது, வாய் மூடாது. உலோகத்தில் உரசி ஓசையெழுப்பும் என்பதால் வேட்டைக்காரர் அதைக் குழாய்க்குள் நுழைக்கின்றனர். மெல்லிய செயற்கை இழைக்கயிறு வலிமை மிக்கது, எடையற்றது. ஆனால் காலணியின் அடிப்பகுதியைக் கத்திபோல் அழுத்தும், வாய் திறந்து நில்லாது. நைலான் பட்டை இரண்டுக்கும் நடுவே. பட்டையின் படிப்பகுதிக்குள் ஒரு துண்டு நெகிழிக் குழாயைச் செருகித் தைக்கும் வழக்கம், தாமே எய்டர் தைத்துக்கொண்ட வேட்டைக்காரரிடையே பரவியது. ஃபெங் சூஃபுவின் தகட்டுக்குள் இருந்த முசுக்கட்டை மரம் செய்த வேலையையே இந்தக் குழாயும் செய்கிறது.

ஏறும்போது வேட்டைக்காரர் வளையத்தைக் கண்ணால் பார்த்துக் கால் வைக்கிறார். இறங்கும்போது அந்தி முடிந்திருக்கும். பல மணி நேரம் அசையாது இருந்த கால்கள் குளிரில் மரத்திருக்கும். தடித்த குளிர்காலக் காலணி வேறு. உறுதியான படியில் ஒரு கால் நிற்க, மற்றொரு கால் கீழே இருளில் துழாவி வளையத்தின் வாயைக் கண்டுபிடிக்க வேண்டும். அது மூடியிருந்தால், கால் வளையத்தின் பக்கப்பட்டையை மிதித்துவிட்டுப் படியை மிதித்ததாக எண்ணிக்கொள்ளும். ஏறத் தொடங்கும் நேரத்திலிருந்து மீண்டும் தரை தொடும் வரை மரத்தைச் சுற்றிய இடுப்பு வாரைக் கழற்றக் கூடாது என்று பாதுகாப்புப் பயிற்சிகளில் வலியுறுத்துவது இதற்காகவே. எய்டரைச் சோதிக்க விரும்புபவர் அதே குளிர்காலக் காலணியை அணிந்து, கழியைத் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை இறங்கிப் பார்க்கலாம். ஒருமுறை கால் தவறினாலும் அந்த வளையத்தின் வாயை அகலமாக்க வேண்டும், அல்லது அதற்கு விறைப்பூட்ட வேண்டும்.