கட்டுமரமும் கேட்டமரனும்

வடசென்னையில், மாத்தூருக்கும் மணலிக்கும் கிழக்கே, எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வழியாக இராயபுரம்வரை நீளும் கடற்கரையில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடிக்கப் பயன்பட்ட கட்டுமரம், எடை குறைந்த மரத்துண்டுகளை, நடுவில் இருப்பவை சற்றுத் தாழ்ந்தும் ஓரத்தில் இருப்பவை உயர்ந்தும் அமையுமாறு அடுக்கிக் கயிற்றால் பிணைத்த மிதவையாகும். ஏறிய அலைநீர் மர இடுக்குகளின் வழியே வடிந்துவிடுவதால் அது நீர் நிறைந்து மூழ்குவதில்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலரவிடுவார்கள்; ஊறிய மரம் கனத்துப்போகும். மீனவர் பேச்சில் இது பெரும்பாலும் வெறும் மரம்தான்: பெரிய மரம், சின்ன மரம், பறவைக்கோலா மீனைத் தேடிச் செல்லும் கோலா மரம் என்று அளவும் வேலையுமே பெயரை வகுத்தன.

இச்சொல் கடல் கடந்ததற்குச் சென்னையின் அலையே காரணம். 1875 வாக்கில் துறைமுகப் பணி தொடங்கும்வரை கப்பல்கள் கரையிலிருந்து வெகுதொலைவில் நங்கூரமிட்டு நின்றன. பயணிகளும் சரக்கும், ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் கரைக்கு வந்தனர். அப்படகுகளும் இறங்க முடியாத கடுங்கொந்தளிப்பில், நீர் புகாத தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போனவர்கள் கட்டுமரக்காரர்கள். கட்டுமரம் கவிழ்ந்தால் நீந்திப் பிடித்து ஏறிக்கொள்ளும் அவர்களது திறமையை ஐரோப்பியப் பயணிகள் வியப்போடு பதிவுசெய்தனர். அதற்கு முன்பே, ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் இம்மிதவை அதன் தமிழ்ப் பெயராலேயே குறிக்கப்பட்டிருந்தது.

ஆங்கிலத்துக்குள் போன சொல் தன் பொருளில் நிலைத்து நிற்கவில்லை. 1804 அக்டோபரில் பிரெஞ்சுத் துறைமுகமான புலோன் மீது பிரிட்டிஷார் ஏவிய, ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த வெடிமருந்துப் பெட்டிகள் 'கேட்டமரன்' எனப்பட்டன. விளைந்த சேதமோ சொற்பம். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பேச்சில் சண்டைக்காரப் பெண்ணையும் அச்சொல் சுட்டியது. பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதன் முதலசையில் ஒலிப்பது இதற்குத் துணைபோயிருக்கலாம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலோ அது பனியில் விறகு இழுக்கும் சறுக்குவண்டி. நீரோடு கொண்ட உறவே அங்கு அறுந்துபோயிற்று. பழைய பிரெஞ்சு நூல்களில் 'கத்திமரோன்' என்ற வடிவில் சோழமண்டலத்து மிதவையையே குறித்த சொல், பின்னர் ஆங்கில வடிவை ஏற்று, இரட்டை உடல் கொண்ட பாய்மரக் கலத்துக்குப் பெயராயிற்று.

அந்த இரட்டை உடல் எங்கிருந்து வந்தது என்பதே இவ்வரலாற்றின் சுவையான கேள்வி. அமெரிக்கப் படகுக் கலைஞர் நதானியல் ஹெரஷாஃப் 1876இல் 'அமரில்லிஸ்' என்னும் படகை நியூயார்க் போட்டியில் ஓட்டி, வழக்கமான பாய்மரப் படகுகளை எளிதில் முந்தினார். அடுத்த ஆண்டே அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இணையான இரு குறுகிய உடல்களை மேலே குறுக்குச் சட்டங்களால் பிணைக்கும் இவ்வமைப்புக்குப் பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணியே நெருங்கிய உறவு. சென்னை மிதவையில் உடல் என்றே ஒன்றில்லை. அடுத்தடுத்து ஒட்டிக்கிடக்கும் மரங்கள் மட்டுமே உண்டு. ஆக, கலம் ஒரு பெருங்கடலினது, பெயர் வேறொரு கடலினது. இரண்டுக்கும் பொதுவாய் எஞ்சியது கட்டுதல் என்னும் வினை மட்டுமே, அதையும் அறிந்தே ஆங்கிலம் பேசுவோர் அப்பெயரை வைத்தனர் என்று சொல்வதற்கில்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் வழங்கப்பட்டதில் சென்னைக் கரையில் கட்டுமரம் மேலும் அருகிற்று. இன்று தமிழில் எழுதுவோர் இரட்டை உடல் பயணக்கப்பலைக் குறிக்கக் 'கேட்டமரன்' என்று ஆங்கில ஒலிப்பிலேயே எழுதுகின்றனர். கட்டுமரம் என்று எழுதினால் அக்கரையின் காசிமேட்டு வாசகர் வேறொன்றையே நினைப்பார்.