ராமானுஜனின் தொழில்முறைத் தொடர்புகளும் கூட்டுப்பணியும்

தொழில்முறை அறிமுகங்களும் கூட்டுப்பணியும் ஒரு தனிமனிதரின் திறனை எந்த அளவுக்கு உயர்த்தும் என்பதற்கு, கணித மேதை சீனிவாச ராமானுஜன் (1887–1920) 1910 முதல் 1918 வரை வாழ்ந்த வாழ்க்கை தெளிவான சான்று. அவரைத் தனியொரு அதிசயமாகப் பார்ப்பதே நம் வழக்கம். தேற்றங்கள் அவருடையவைதாம். ஆனால் கணக்குப் போட நேரம், படித்துப் பார்க்க ஆட்கள், முறையாக நிறுவும் பயிற்சி ஆகிய மூன்றும் பிறர் வழியாகவே அவருக்குக் கிடைத்தன.

வி. ராமசாமி அய்யர் 1907-இல் தொடங்கிய இந்தியக் கணிதக் கழகத்தில் அரசு அதிகாரிகளும் கல்லூரி ஆசிரியர்களும் உறுப்பினர்களாக இருந்தார்கள். எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தோற்று வேலை தேடி அலைந்த ராமானுஜன், திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த ராமசாமி அய்யரிடம் எழுத்தர் வேலை கேட்டுப் போனார். ராமானுஜனின் கணித நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த அவர், வருவாய்த் துறையின் அடிமட்டத்தில் உட்கார வைத்தால் இந்தத் திறன் பாழாகிவிடும் என்று கருதி, வேலை தராமல் சென்னையிலுள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அந்த நண்பர்களில் ஒருவரான சேஷு அய்யரின் பரிந்துரையோடு ராமானுஜன் நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவைச் சந்தித்தார். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1911-இல் கழக இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை அமைந்தது. அங்கே தலைமைக் கணக்கராக இருந்த எஸ். நாராயண அய்யரும் கணிதக் கழகத்தவர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டில் கணக்குப் போட்டார்கள். பல படிகளை ஒரே தாவலில் கடந்துவிடும் ராமானுஜனை, மற்றவர்களுக்கும் விளங்கும்படி விரித்து எழுதச் சொல்லி அவர் வற்புறுத்தினார். என் பார்வையில் இது அந்த 30 ரூபாய்க்குக் குறையாத உதவி.

நெருங்கிய சொந்தங்களைவிட, மேலோட்டமாகத் தெரிந்தவர்களே புதிய வாய்ப்புகளைப் பற்றிய செய்திகளை அதிகம் கொண்டுவருகிறார்கள் என்று சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973-இல் எழுதினார். கும்பகோணத்து உறவுக்காரர்களால் எட்ட முடியாத கதவுகளை ராமானுஜனுக்குத் திறந்தவர்கள் அப்படிப்பட்டவர்களே. எல்லாக் கதவும் திறக்கவில்லை: ராமானுஜன் கடிதம் எழுதிய கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர்களான பேக்கரும் ஹாப்சனும் உதவ முன்வரவில்லை. ஆனால் 1913 ஜனவரி 16 தேதியிட்டு ராமானுஜன் அனுப்பிய கடிதத்தை, அதே கேம்பிரிட்ஜின் கணிதவியலாளர் ஜி.எச். ஹார்டி தன் கூட்டாளி லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து படித்தார்.

தனிமையில் உழைத்ததன் விலையும் அந்தக் கடிதத்திலேயே தெரிந்தது. பகா எண்களைப் பற்றி ராமானுஜன் கண்டதாக நம்பிய முடிவுகளில் சில தவறு. கலப்பெண் சார்புகளின் கோட்பாடு அவருக்கு அறிமுகமாகியிருக்கவில்லை. ஹார்டியின் அழைப்பை ஏற்று 1914 ஏப்ரலில் அவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபின் ஹார்டி அவரைப் பாடத்திட்டத்துக்குள் அடைக்கவில்லை. அடைத்தால் அவருடைய தன்னம்பிக்கையும் உள்ளுணர்வும் குலைந்துவிடும் என்று அஞ்சி, தேவைப்பட்டதை மட்டும் தேவைப்பட்டபோது சொல்லிக்கொடுத்தார். கூட்டுப்பணியில் மிக அரிதாகக் காணும் பக்குவம் இது.

அதன் உச்சம், எண் பிரிவினை பற்றிய 1918-ஆம் ஆண்டுக் கட்டுரை. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். எண் பெரிதாகப் பெரிதாக வகைகள் கட்டுக்கடங்காமல் பெருகும். அந்த வகைகளின் எண்ணிக்கையைத் தரும் மிகத் துல்லியமான சூத்திரம் ஒன்று உண்டு என்று ராமானுஜன் உறுதியாக நம்பினார். அதை நிறுவும் பகுப்பாய்வுக் கருவிகள் ஹார்டியிடம் இருந்தன. சூத்திரம் தரும் விடை சரிதானா என்று பார்க்க உண்மையான எண்ணிக்கை வேண்டுமே? முன்னாள் பீரங்கிப்படை அதிகாரியான மேஜர் மக்மகன் 200 வரையுள்ள எண்களுக்குக் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை தந்தார். 200-க்கு அவர் கண்ட விடை 39,72,99,90,29,388. சூத்திரத்தின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டினால் வரும் விடை இதிலிருந்து 0.004 மட்டுமே விலகுகிறது. மக்மகன் கட்டுரையின் ஆசிரியர் அல்லர். அவருடைய அட்டவணை கட்டுரையோடு அச்சாகியிருக்கிறது. அந்த உழைப்பு இல்லாவிட்டால் சூத்திரத்தின் துல்லியம் எவ்வளவு என்பதே தெரிந்திருக்காது.

அதே ஆண்டு ராமானுஜன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆதாயம் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. அந்தக் கட்டுரையில் பிறந்த ‘வட்ட முறை’ என்ற பகுப்பாய்வு உத்தியைக் கொண்டுதான் ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1920-களில், முழு எண்களை வர்க்கம், கனம் போன்ற அடுக்குகளின் கூட்டலாக எழுதுவது பற்றிய வாரிங்கின் புதிரை அணுகினார்கள். போதுமான அளவு பெரிய ஒவ்வோர் ஒற்றைப்படை எண்ணும் மூன்று பகா எண்களின் கூட்டல் என்று 1937-இல் ரஷ்யாவின் வினோகிராதவ் நிறுவியதும் அந்த முறையின் வழியில்தான்.