பினாங்கு: வாடகை சொல்லும் வரலாறு

ஒரு நகரின் வளர்ச்சியைக் கட்டடங்களைக் கொண்டு அளப்பார் உளர். மக்கள்தொகையைக் கொண்டு அளப்பாரும் உளர். அங்கே யார் யாரால் வாழ முடிகிறது என்று அளந்து பார்ப்போர் சிலரே. கடற்கரை எழிலால் பயணிகளை ஈர்க்கும் பினாங்குத் தீவின் வரலாற்றை இம்மூன்றாவது அளவுகோல் கொண்டு நோக்குவோம்.

1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவினார். தீர்வையற்ற துறைமுகம் என்னும் சலுகை பல நாட்டு மக்களையும் இங்கே ஈர்த்தது. தமிழரும் அவ்வாறு வந்தோரே. சூலியா தெருவும், 1833-இல் எழுந்த குயின் தெரு மாரியம்மன் ஆலயமும் அதற்குச் சான்று பகரும். கீழே வாணிகமும் மேலே குடியிருப்புமாக அமைந்த கடைவீடுகளே ஜார்ஜ் டவுனின் உயிர்நாடியாயின.

போருக்குப் பின் வீட்டுப் பற்றாக்குறை கடுமையாயிற்று. 1948-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை அரசு கட்டுப்படுத்தியது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை உறுதி செய்தது. குறைந்த வருவாயினரும் நகரின் நடுவே வாழ முடிந்தது. ஆயினும், சொற்ப வாடகை பெற்ற உரிமையாளர் பலர் பழுதுபார்க்க முன்வரவில்லை. கூரைகள் ஒழுகின, சுவர்கள் சிதைந்தன.

1969-இல் தீவு தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது, வேலையின்மை பெருகியது. துன் டாக்டர் லிம் சோங் யூ முதலமைச்சராக இருந்த காலத்தில், 1972-இல், பாயான் லெப்பாஸ் சுதந்திர வாணிப வட்டாரம் தோன்றியது. பத்து பெரிங்கிக் கடற்கரையில் தங்குவிடுதிகள் எழுந்தன. 1985-இல் பாலம் திறக்கப்பட்டது. வேலையும் மக்களும் பெருகினர். நிலத்தின் விலையும் உடன் ஏறியது.

1997-இல் வாடகைச் சட்டம் நீக்கப்பட்டு, 1999 இறுதிவரை தவணை அளிக்கப்பட்டது. அதன்பின் வாடகை ஏற, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பலர் வெளியேறினர். 2008-இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமைத் தலமாயிற்று. வீடுகள் புதுப்பொலிவு பெற்றன. பல, பயணிகளின் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. முன்பு குடிகள் நிலைத்தனர், வீடுகள் சிதைந்தன. பின்பு வீடுகள் நிலைத்தன, குடிகள் சிதறினர்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் ஏறத்தாழ 17.4 இலட்சம் பேர் வாழ்ந்தனர். அவர்களுள் தீவில் இருந்தோர் சுமார் 7.9 இலட்சம், நீரிணைக்கு அப்பால் செபராங் பிறையில் இருந்தோர் சுமார் 9.5 இலட்சம். நிலம் மலிவாகக் கிடைத்த கரையே அதிக மக்களைத் தாங்கியது. குடும்பங்கள் பெயர்ந்தால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையும் உடன் பெயரும் என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். பள்ளிப் பதிவேடும் ஒரு வரலாற்று ஆவணமே.

சுற்றுலா வேண்டாம் என்பதன்று நம் கருத்து. வாழ்வோரை இழந்து வண்ணச் சுவர்களைக் காப்பது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவதாகும். பழுதுபார்ப்புக்குப் பொருளுதவியும், குடியிருப்போர்க்குத் தாங்கக்கூடிய வாடகையும் ஒருங்கே அமைதல் வேண்டும். ஊரின் பெயர்க்காரணத்தைக் கற்பிக்கும் நாம், அவ்வூரில் வாழ்ந்தோர் எங்குச் சென்றனர் என்பதையும் மாணவரைக் கேட்கச் செய்வோமாக!