ஆலிவ் பறித்தவர்கள் செய்த சத்தியம்

இத்தாலிக்குச் சுற்றுலா போகும் குடும்பங்கள் இன்று நண்பர்களோடு சேர்ந்து ஆலிவ் பறிக்கிறார்கள். மரத்தடியில் வலை, தோப்பிலேயே சாப்பாடு, ஒரே கொண்டாட்டம்! ஆனால் இதே வேலை சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எப்படி நடந்தது தெரியுமா?

ரோமானிய அரசியல்வாதி மூத்த கேட்டோ (கி.மு. 234-149) விவசாயம் பற்றி எழுதிய நூலில், ஆலிவ் பறிப்பைக் காண்ட்ராக்ட் விடுவதற்கான நிபந்தனைகள் இருக்கின்றன. காண்ட்ராக்ட் எடுப்பவர் 50 ஆட்களைக் கொண்டுவர வேண்டும். உரிமையாளரோ காவல்காரரோ சொல்லாமல் மரத்தைத் தடியால் அடித்தால், அன்று பறித்ததற்குக் கூலி கிடையாது. வாங்கிய ஏணிகளைத் திருப்பித் தர வேண்டும். பழசாகி உடைந்தவற்றுக்கு மட்டும் விலக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, பறித்தவர்கள் அனைவரும் "ஆலிவ் திருடவில்லை" என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்யாதவர் பறித்ததற்குப் பணம் இல்லை!

முதலாளி பக்கம் நியாயம் உண்டு. தடியால் அடித்தால் அடுத்த ஆண்டு காய்க்க வேண்டிய இளங்கிளைகள் ஒடிந்துவிடும். ஆனால் கூலியாட்கள் பக்கம்? ஏணியில் நின்று பறித்தவர் என்ன நினைத்தார் என்று கேட்டோ எழுதவில்லை. ஏணிக்குக் கணக்கு இருக்கிறது, விழுந்தவருக்கு இல்லை.

சுற்றுலாப் படங்களில் ஆலிவ் கூடையைப் பார்க்கும்போது, கூலிக்காகச் சத்தியம் செய்த அந்த 50 பேரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்..