பெயர் மாற்றமும் பெருந்திருத்தமும்

1995இல் பம்பாய் மும்பையாயிற்று. 2001இல் கல்கத்தா கொல்கத்தாவாயிற்று. ஆயினும் நூலகங்கள், ஆவணக்காப்பகங்கள் ஆகியவற்றின் தரவுத்தளங்களில் பழைய பெயர்கள் எண்ணற்ற பதிவுகளில் நிலைத்திருக்கின்றன. அவை அனைத்தையும் ஒரே கட்டளையால் திருத்திவிடலாம் என்னும் எண்ணம் இன்று எளிதாக எழுகிறது.

அதற்கு உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1943இல் மெக்கல்லாக், பிட்ஸ் ஆகிய இருவரும் நரம்பணுக்களின் செயலைக் கணித மாதிரியாக வடித்தனர். அம்மாதிரியை ஆராய்ந்த தருக்கவியலாளர் ஸ்டீபன் கிளீனி, 1951இல் இக்குறியீட்டுக்கு அடித்தளமிட்டார். 1968இல் கென் தாம்ப்சன் அதனை உரைதேடும் நிரலாக்கினார். உரைத்தொகுப்பிகளில் வேரூன்றிய அம்முறை பின்னர்த் தரவுத்தளங்களுக்குள்ளும் புகுந்தது.

இக்கருவி எழுத்துகளின் வடிவத்தை அறியும், காலத்தை அறியாது. 1944இல் தொழிலதிபர்கள் வெளியிட்ட பொருளாதார அறிக்கை 'பம்பாய்த் திட்டம்' எனப்படுகிறது. கண்மூடித்தனமாக மாற்றினால், 'மும்பைத் திட்டம்' என அக்காலத்தில் எவரும் வழங்காத பெயர் பதிவேறும். 1862இல் தோன்றிய பம்பாய் உயர் நீதிமன்றம் இன்றும் அப்பெயரையே தாங்குகிறது. 1857இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகங்களுள் பம்பாய்ப் பல்கலைக்கழகம் மும்பைப் பல்கலைக்கழகமாயிற்று. கல்கத்தாப் பல்கலைக்கழகமோ பழைய பெயரிலேயே தொடர்கிறது.

'பம்பாய்' என்பதை அடுத்து 'உயர் நீதிமன்றம்' வந்தால் தொடாதே என வடிவத்திலேயே விலக்கு விதிக்க இயலும். ஆனால் எவற்றுக்கு விலக்கு என்பதை முடிவு செய்ய வேண்டியவர் வரலாறு அறிந்தவரே. அம்முடிவை நிரலரிடம் மட்டும் விட்டுவிடுவது முறையன்று. காப்புப்படி இல்லாத தரவுத்தளத்தில் மேலெழுதப்பட்ட பழைய சொல்லை மீட்பது அரிது. அச்சொல்லையே தேடிவரும் ஆய்வாளருக்கு அந்நூல் இல்லாததாகிவிடும்.

ஆகவே, மாற்றுவதற்கு முன் பொருந்தும் வரிகளைப் பட்டியலிட்டுப் படிக்க வேண்டும். படியெடுத்து வைத்து, திரும்பப் பெறத்தக்க பரிவர்த்தனையாகவே கட்டளையை இயக்க வேண்டும். தலைப்புப் பக்கத்தில் அச்சானதைத் தரும் புலத்தைத் தொடாமல், இன்றைய பெயருக்குத் தனிப்புலம் அமைக்க வேண்டும். அப்போது 1944ஆம் ஆண்டு நூலின் பதிவில் பம்பாய் நிற்கும். மும்பை எனத் தேடுவோருக்கும் அந்நூல் கிடைக்கும்.