தாது வருசப் பஞ்சமும் தலைக்கணக்கும்

ஜனம் பெருத்துப் போச்சு, மழையும் கெட்டுப் போச்சு, இனி சோத்துக்கே சண்டைதான்னு பலரும் பேசுறாங்க. 2022 நவம்பர்ல உலக ஜனத்தொகை 800 கோடியைத் தொட்டது வாஸ்தவம்தான். ஆனா பஞ்சம் வர்றது தலைக்கணக்கால மட்டும்தானா? தாது வருசத்தைக் கொஞ்சம் பாருங்க.

1876ல் பருவமழை பொய்த்தது. அடுத்த வருசம் பசிபிக் கடல் சூடேறி எல் நினோ வந்து, பஞ்சம் முத்திப் போச்சு. 1878க்குள்ள இந்தியாவுல 50 லட்சம் பேருக்கு மேல செத்தாங்க. சென்னை மாகாணத்துலதான் சாவு அதிகம். விளைச்சலை விட ஜனம் வேகமா பெருகுதுன்னு வைஸ்ராய் லிட்டன் காரணம் சொன்னார். அதே சமயம் இங்கிலாந்துக்குக் கப்பல் கப்பலா கோதுமை போய்க்கிட்டு இருந்துச்சு. நிவாரண வேலையில நாள் முழுக்க மண் சுமந்த ஆளுக்கு ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த கூலி ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், கூட ஓர் அணா.

அன்னைக்கு மாகாணம் முழுக்க 3 கோடி சொச்சம் பேர். 2011ல் தமிழ்நாட்டுல மட்டும் 7 கோடிக்கு மேல. 2016ல் வடகிழக்குப் பருவமழை 60 சதத்துக்கு மேல குறைஞ்சது. பயிர் கருகி விவசாயி நொடிஞ்சான். ஆனாலும் ஊர் ஊரா பட்டினியில சாகலை. கிடங்குல நெல் இருந்தது, ரேஷன் கடை திறந்திருந்தது.

பூமி சூடாகச் சூடாக மழை தப்புற வருசங்கள் இன்னும் வரும். தமிழ்நாட்டுல ஒரு தாய்க்குச் சராசரியா ரெண்டு பிள்ளைகூட இல்லை. இனியும் தலையை எண்ணாம ஏரியைத் தூர் வாருவோம், கிடங்கைக் காப்பாத்துவோம்.